கலப்பையின் நினைவிடத்தில் ஒரு புல்வெளி

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், பியாட்ரிஸ் என்னும் சிறு நகருக்கு மேற்கே சில மைல் தொலைவில் ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்கா இருக்கிறது. 2007-ல் திறக்கப்பட்ட அதன் அருங்காட்சியகத்தின் கூரை, மண்ணைக் கிழித்துக்கொண்டு முன்னேறும் ஒற்றைக் கொழுக் கலப்பையின் வடிவில் எழும்பி நிற்கிறது. வாகனங்கள் நிறுத்தும் இடத்தின் பரப்பு சரியாக ஓர் ஏக்கர். வந்து இறங்குகிறவர் அந்தப் பரப்பைக் கண்ணால் அளந்துகொண்டு, அதை 160-ஆல் பெருக்கிப் பார்க்கலாம். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க அரசு ஒரு குடும்பத்துக்கு விலையில்லாமல் கொடுத்த நிலத்தின் அளவு அது.

உழுதவர்களைப் போற்ற எழுந்த அந்த வளாகத்தின் பெரும்பகுதியில் இன்று உழவு கிடையாது. கட்டடத்துக்கு வெளியே ஏறத்தாழ 100 ஏக்கரில் ஆளை மறைக்கும் புல் அசைகிறது. கோடை முடியும் நாட்களில் பிக் புளூஸ்டெம் என்னும் புல் ஆறு ஏழு அடிக்கு வளர்ந்து, உச்சியில் வான்கோழியின் கால்விரல்கள்போல் மூன்றாகப் பிரிந்த கதிரை நீட்டுகிறது. தானாக வளர்ந்து நிற்கும் புல் அல்ல அது. எழுபது ஆண்டுக்கும் மேலாக உழவு கண்டு, சத்து இழந்து, மழைநீர் அரித்த வயலில் 1939 முதல் மனிதர்கள் பாடுபட்டுத் திரும்பக் கொண்டுவந்த பிரெய்ரிப் புல்வெளி. தேசியப் பூங்கா சேவை தன் இடங்களில் மீட்டெடுத்த பிரெய்ரிகளில் இதுவே மிகப் பழையது. நாடு முழுவதையும் கணக்கில் எடுத்தால் விஸ்கான்சினில் உள்ள ஒன்றுக்கு அடுத்தபடியாக இரண்டாவது.

ஒரு சட்டத்தின் சாதனையை நினைவுகூரும் இடத்திலேயே, அந்தச் சாதனை அழித்ததையும் வளர்த்துக் காட்டுகிறார்கள். வரலாற்றுச் சின்னம் என்றால் கட்டடமும் கல்வெட்டும், சுற்றியுள்ள மரமும் புல்லும் வெறும் அலங்காரம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. ஹோம்ஸ்டெட்டில் அந்த எண்ணம் நிற்காது. அங்கே நிலமே ஆவணம்.

அந்த ஆவணத்தின் முதல் வரி டேனியல் ஃபிரீமன் என்பவருடையது. ஆபிரகாம் லிங்கன் 1862 மே 20 அன்று கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம் 1863 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். மிசௌரி ஆற்றங்கரையில் உள்ள பிரவுன்வில்லின் நில அலுவலகத்தில் அன்றே மனுக் கொடுத்தவர்களில் ஃபிரீமன் ஒருவர். விடிந்ததும் படைப்பணிக்குத் திரும்ப வேண்டியிருந்ததால், முந்தைய இரவின் புத்தாண்டு விருந்தில் நில அலுவலக எழுத்தரைப் பிடித்து, நள்ளிரவு தாண்டியதும் அலுவலகத்தைத் திறக்கச் சொல்லித் தன் மனுவைப் பதிவு செய்துகொண்டார் என்று அந்த வட்டாரத்தில் சொல்லப்படுகிறது. அவர் கேட்டது கப் கிரீக் என்னும் ஓடையை ஒட்டிய 160 ஏக்கர். புல்தரையும் மரமும் தண்ணீரும் ஒரே இடத்தில் கிடைத்த நல்ல நிலம்.

சட்டம் கேட்டது அதிகம் இல்லை. 21 வயது நிரம்பியவராகவோ குடும்பத் தலைவராகவோ இருக்க வேண்டும். அரசுக்கு எதிராக ஆயுதம் ஏந்தியிருக்கக் கூடாது. ஐந்தாண்டு அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, பயிர் செய்ய வேண்டும். கட்டணம் மொத்தமாக 18 டாலர். தனித்து வாழும் பெண்களும், குடியுரிமை கேட்டு விண்ணப்பித்திருந்த வெளிநாட்டவரும் மனுக் கொடுக்கலாம். போருக்குப் பின் விடுதலை பெற்ற கறுப்பின மக்களும் இதன்வழி நிலம் பெற்றார்கள். சுமார் 16 லட்சம் பேருக்குப் பட்டா வழங்கப்பட்டது. கைமாறிய நிலம் 27 கோடி ஏக்கர், அதாவது அமெரிக்க நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு. நெப்ராஸ்காவில் மட்டும் மாநிலப் பரப்பின் 45 விழுக்காடு இப்படிக் கைமாறியது. இவ்வளவு பெரிய நிலப் பங்கீட்டுக்கு உலக வரலாற்றில் இணை சொல்வது கடினம்.

ஆனால் பங்கிடப்பட்ட நிலம் ஆளில்லாமல் கிடந்த நிலம் அல்ல. கப் கிரீக் வட்டாரம் ஓட்டோ-மிசௌரியா மக்களின் வேட்டைநிலமும் வாழ்விடமுமாக இருந்தது. 1854-ல் செய்த உடன்படிக்கையில் அவர்கள் தங்கள் நிலத்தின் பெரும்பகுதியை இழந்து, பிக் புளூ ஆற்றை ஒட்டிய ஒரு சிறு ஒதுக்கிடத்துக்குள் அடங்க நேர்ந்தது. குடியேறிகளின் பசி அதையும் விட்டுவைக்கவில்லை. ஒதுக்கிடம் துண்டுதுண்டாக விற்கப்பட்டு, 1881-ல் அவர்கள் இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே ரெட் ராக் பகுதியில் வாழ்கிறார்கள். ஃபிரீமன் பட்டா வாங்கிய கதையைச் சொல்லும்போது இந்தக் கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்று நடக்காமல் மற்றொன்று நடந்திருக்காது.

ஃபிரீமன் முதன்முதலில் பார்த்த புல்வெளி எப்படிப்பட்டது? அதைத் தரைக்கு மேலே தேடினால் பாதிகூடக் கிடைக்காது. உயர்புல் பிரெய்ரியில் உயிர்ப்பொருளின் பெரும்பங்கு தரைக்குக் கீழே, வேர்களாக இருக்கிறது. இதைத் தோண்டிப் பார்த்து உலகுக்குச் சொன்னவர், பியாட்ரிஸிலிருந்து ஏறத்தாழ 40 மைல் தொலைவில் லிங்கன் நகரில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஜான் வீவர். வேரைப் பிடுங்கினால் அறுந்துபோகும் என்பதால், செடிக்குப் பக்கத்தில் ஆள் இறங்கி நிற்கும் அளவுக்குக் குழி வெட்டி, சுவரில் தெரியும் வேர்களைக் கூரிய கருவியால் மெல்ல மெல்ல மண் நீக்கி, அங்குலம் அங்குலமாக அளந்து வரைபடம் ஆக்கினார். பிக் புளூஸ்டெம் ஏழடிக்கு மேல் வேர் இறக்குகிறது. பட்டாணிக் குடும்பத்தைச் சேர்ந்த, முழங்கால் உயரமே வளரும் லெட்பிளாண்ட் என்னும் குறுஞ்செடியின் வேர் 15 அடியைத் தாண்டியும் போகிறது. இந்தக் குறுஞ்செடி மேலே தலைநீட்டுவதைப்போல் ஐந்து மடங்கு, சில சமயம் அதற்கும் மேலாக, கீழே இறங்கியிருக்கிறது.

இந்த வேர்கள் ஆண்டுதோறும் ஒரு பகுதி மடிந்து, புதியன முளைத்து, பனியுகம் முடிந்ததிலிருந்து பல்லாயிரம் ஆண்டுகளாகக் கரிமத்தை மண்ணுக்குள் சேர்த்தபடி இருந்தன. அமெரிக்க மத்திய மேற்குப் பகுதியின் கறுப்பு மண் அப்படி உருவானது. இன்று அந்த மண்ணில் விளையும் மக்காச்சோளமும் சோயாவும் உலகச் சந்தைக்குப் போகின்றன. அந்த விளைச்சலுக்கு அடியில் இருக்கும் முதலீடு, உழவர் எவரும் போட்டதல்ல, புல் போட்டது.

வேர்ப் பின்னல் அவ்வளவு அடர்த்தி என்பதால் மரக் கலப்பையும் வார்ப்பிரும்புக் கொழுவும் அந்த மண்ணில் தோற்றன. பிசுபிசுத்த மண் கொழுவில் ஒட்டிக்கொள்ளும். சில அடிக்கு ஒருமுறை நின்று சுரண்ட வேண்டும். 1837-ல் இல்லினாய் மாநிலத்தின் கிராண்ட் டிட்டூர் என்னும் ஊரில் ஜான் டீர் என்ற கொல்லர் வழவழப்பான எஃகுக் கொழுவைச் செய்த பிறகுதான் நிலைமை மாறியது. முதல் உழவுக்குப் பல ஏர் மாடுகள் வேண்டியிருந்தன. லெட்பிளாண்டின் வேர்கள் கொழுவில் பட்டுப் பட்டென்று அறுபடும் ஓசையைக் குடியேறிகள் நினைவில் வைத்திருந்து சொல்லியிருக்கிறார்கள். மரம் அரிதான இடங்களில், வேரோடு வெட்டியெடுத்த புல்தரைப் பாளங்களையே செங்கல்லாக அடுக்கி வீடு கட்டினார்கள். அடைமழையில் ஒழுகினாலும் அந்த வீடுகள் குளிரையும் வெயிலையும் தாங்கின. பிரெய்ரியின் வேர் எவ்வளவு வலுவானது என்பதற்கு அந்தச் சுவர்களே சான்று.

அந்த வேர் ஒருமுறை அறுபட்டால் போதும். தன்னை மறுபடி நெய்துகொள்ளும் ஆற்றல் அதற்கு எளிதில் வருவதில்லை. வட அமெரிக்காவில் ஒரு காலத்தில் சுமார் 17 கோடி ஏக்கரில் பரவியிருந்த உயர்புல் பிரெய்ரியில் இன்று எஞ்சியிருப்பது 4 விழுக்காட்டுக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி கான்சாஸ் மாநிலத்தின் ஃபிளின்ட் மலைப்பகுதியில் இருக்கிறது. அங்கே பாறை மேலாகவே கிடப்பதால் கலப்பை இறங்கவில்லை. பக்கத்து அயோவாவில் எஞ்சியது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மனிதன் மாற்றியமைத்த பெரும் நிலவகைகளில் இவ்வளவு வேகமாகவும் முழுமையாகவும் மறைந்தவை குறைவு.

விளைவு 1930-களில் வந்தது. வறட்சி நீண்டது, வேரின் பிடி இழந்த மண் காற்றில் எழுந்தது. 1935 ஏப்ரல் 14 அன்று தெற்குச் சமவெளிகளைப் பகலிலேயே இருளாக்கிய புழுதிப் புயலை அமெரிக்கர்கள் கறுப்பு ஞாயிறு என்று குறிக்கிறார்கள். அதே ஆண்டில்தான் மண்வளப் பாதுகாப்புச் சேவை என்ற அரசுத் துறை உருவானது. வீவர் அந்த வறட்சியையும் விடாமல் ஆய்ந்தார். கிழக்கு நெப்ராஸ்காவின் உழாத புல்வெளிகளில் லிட்டில் புளூஸ்டெம் என்னும் புல் கூட்டங்கூட்டமாகச் செத்ததையும், அந்த இடத்தை வறட்சி தாங்கும் மேற்கத்திய இனங்கள் பிடித்ததையும் ஆண்டுக்கு ஆண்டு பதிவு செய்தார். இனக்கலவை மாறியது, ஆனால் புல்வெளி புல்வெளியாகவே இருந்தது. உழுத வயலுக்கும் உழாத புல்வெளிக்கும் இருந்த வேறுபாட்டை அந்தப் பத்தாண்டுபோல் எதுவும் காட்டியதில்லை.

இந்தச் சூழலில்தான் 1936-ல் ஃபிரீமனின் நிலத்தை தேசிய நினைவுச் சின்னமாக அமெரிக்க நாடாளுமன்றம் அறிவித்தது. ஃபிரீமன் 1908-லேயே இறந்து அந்த நிலத்திலேயே அடக்கமாகியிருந்தார். அரசு கையில் எடுத்தபோது அந்த 160 ஏக்கர், பெருமைக்குரிய பண்ணையாக இல்லை. மண் அரித்து, களை மண்டிய வயலாக இருந்தது. மரவீடு ஒன்றைக் கட்டி, மாதிரி வயல் ஒன்றை உழுது, அதை நினைவுச் சின்னம் என்று அழைத்திருக்கலாம். அதற்கு மாறாக, குடியேறி வந்தவர் கண்ட நிலம் எதுவோ அதைத் திரும்ப உண்டாக்குவது என்று முடிவாயிற்று. முதல் நோக்கம் மண் அரிப்பை நிறுத்துவது. அதற்காக 1939 முதல் நாட்டுப் புற்களை விதைத்தார்கள். அடுத்த நோக்கம் வரலாற்றைக் காட்டுவது. தேவையும் நினைவும் ஒரே வேலையில் சேர்ந்துகொண்டன.

பிரெய்ரியை எப்படி உருவாக்குவது என்பதற்கு அப்போது கையேடு ஏதும் இல்லை. இதற்குச் சில ஆண்டு முன்புதான் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் மேடிசன் நகரில் தன் மரப்பூங்காவுக்குச் சொந்தமான பழைய பண்ணை நிலத்தில் அதே முயற்சியைத் தொடங்கியிருந்தது. ஆல்டோ லியோபோல்டு அதற்கு உந்துதலாக இருந்தவர்களில் ஒருவர். வேலையில்லாத இளைஞர்களுக்காக ரூஸ்வெல்ட் அரசு அமைத்த பாதுகாப்புப் படையினர், தியடோர் ஸ்பெரி என்ற தாவரவியலாளரின் மேற்பார்வையில், எஞ்சியிருந்த பிரெய்ரித் துண்டுகளிலிருந்து விதையும் புல்தரைப் பாளங்களும் கொண்டுவந்து நட்டார்கள். நட்டதில் பல, களைகளுக்கு முன் நிற்க முடியாமல் போயின. ஜான் கர்ட்டிஸ் என்பவர் 1940-களில் அங்கே எரிப்புச் சோதனைகள் நடத்தி, தீ இல்லாமல் பிரெய்ரி நிலைக்காது என்று நிறுவினார். இன்று அந்த நிலம் கர்ட்டிஸ் பிரெய்ரி என்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தீயை ஏற்றுக்கொள்ளப் பூங்கா அதிகாரிகளுக்கு நீண்ட காலம் பிடித்தது. காட்டுத் தீ எங்கே எழுந்தாலும் அணைப்பதே கடமை என்று பயின்று வந்தவர்கள் அவர்கள். 1963-ல் ஆல்டோவின் மகன் ஸ்டார்க்கர் லியோபோல்டு தலைமையிலான குழு, தேசியப் பூங்காக்கள் ஐரோப்பியர் வரும்முன் இருந்த நிலையைப் பிரதிபலிக்க வேண்டும் என்றும், அதற்குத் தீயும் ஒரு கருவி என்றும் பரிந்துரைத்தது. தந்தை புல் நட்டார். மகன் அந்தப் புல்லுக்கு வேண்டிய தீக்கு அனுமதி வாங்கிக் கொடுத்தார் என்று சொல்லலாம். ஹோம்ஸ்டெட்டில் திட்டமிட்ட எரிப்பு 1970-களில் தொடங்கியது.

தீ இங்கே என்ன செய்கிறது? பிரெய்ரியின் முதன்மைப் புற்கள் வெப்பம் ஏறிய பிறகே துளிர்ப்பவை. அவற்றின் வளர்மொட்டு தரைக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த கென்டக்கி புளூகிராஸ், ஸ்மூத் புரோம் போன்ற மேய்ச்சல் புற்களோ குளிர் விலகும்முன்பே பச்சை கட்டி இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. வசந்தத்தின் பிற்பகுதியில், வந்தேறிப் புல் தன் சேமிப்பையெல்லாம் இலையாக்கிவிட்டு நிற்கும் நேரம் பார்த்துத் தீ வைத்தால், அடி அதற்குத்தான் விழுகிறது. போன ஆண்டின் சருகு எரிந்து, கருத்த தரையில் வெயில் நேராகப் படுகிறது. மண் சூடாகி, பிக் புளூஸ்டெமும் இந்தியன் கிராஸும் வீறுடன் எழுகின்றன. தீ தவறினால் சில ஆண்டுகளிலேயே சுமாக்கும் காட்டுப் பிளம்மும் டாக்வுட்டும் ஓரங்களிலிருந்து ஊடுருவும். ஈஸ்டர்ன் ரெட் சீடார் என்னும் ஊசியிலை மரம் வேரூன்றினால் பிறகு கோடரிதான் வேண்டும். பிரெய்ரி தானாக நிற்கும் நிலை அல்ல. ஒருவர் இடைவிடாமல் செய்துகொண்டிருக்க வேண்டிய வேலை.

முன்பு அந்த வேலையைச் செய்தவர் யார்? மின்னல் ஒரு பங்கு செய்தது. பெரும்பங்கு செய்தவர்கள் சமவெளியின் பூர்வகுடி மக்கள். வேட்டை விலங்குகளை இளம்புல்லுக்கு ஈர்க்கவும், வழி திறக்கவும், குடியிருப்பைக் காக்கவும் அவர்கள் புல்லை எரித்தார்கள். ஆகவே 1863-ல் ஃபிரீமன் கண்டது மனிதக் கை படாத இயற்கை அல்ல. தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகம் பேணிவந்த நிலம். பூங்கா ஊழியர்கள் இன்று கையில் தீப்பந்தக் குழாயுடன் செய்வது, வெளியேற்றப்பட்டவர்கள் செய்துவந்த வேலையின் தொடர்ச்சி. மீட்டெடுத்த பிரெய்ரியைப் பற்றிய விளக்கப் பலகைகள் எல்லாவற்றிலும் முதலில் எழுத வேண்டியது இதுதான்.

அந்த வேலைக்கு இப்போது புதிய கருவிகளும் வந்திருக்கின்றன. 2016 ஏப்ரலில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் லிங்கன் வளாக ஆய்வாளர்கள் ஹோம்ஸ்டெட்டின் புல்லுக்கு டிரோன் மூலம் தீ வைத்துப் பார்த்தார்கள். மேசைப் பந்தளவு உருண்டைகளில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் தூள் இருக்கும். டிரோன் ஒவ்வோர் உருண்டையையும் துளைத்து அதனுள் கிளைகால் திரவத்தைச் செலுத்தி, கீழே விடும். சிறிது நேரத்தில் உள்ளே வேதிவினை முற்றி உருண்டை தீப்பிடிக்கும். மேட்டு நிலத்திலும் ஓடைச் சரிவிலும் ஆட்கள் தீக்கு நடுவே நடக்க வேண்டிய ஆபத்தை இது குறைக்கிறது. குடியேற்ற வரலாற்றைச் சொல்லும் ஒரு சிறு பூங்கா, எரிப்பு நுட்பத்தின் சோதனைக் களமாகவும் ஆனது அப்படித்தான்.

எரிப்பதும் விதைப்பதும் தெளிவான வேலைகள். எந்தக் காலத்தை மீட்பது என்பதுதான் தெளிவில்லாதது. நிலத்தின் தெற்கு எல்லையில் ஓசேஜ் ஆரஞ்சு மரங்கள் வரிசையாக நிற்கின்றன. அவை நெப்ராஸ்காவுக்கு உரியவை அல்ல. டெக்சாஸ், ஓக்லஹோமா, ஆர்கன்சா பக்கத்தவை. முள்ளும் முறுக்குமான அந்த மரத்தை நெருக்கி நட்டு வெட்டிவிட்டால் மாடு நுழையாத வேலி கிடைக்கும். 1874-ல் ஜோசப் கிளிடனின் முள்கம்பிக்குக் காப்புரிமை கிடைத்து அது பரவும்வரை, மரமில்லாச் சமவெளியில் வேலி என்றால் இதுதான். ஃபிரீமன் நட்ட வேலி அது. சூழலியல் கணக்கில் அந்த மரங்கள் வந்தேறிகள். பிரெய்ரிக்குள் விதை அனுப்பக்கூடியவை. திறந்தவெளியை நம்பிய பறவைகளுக்கு இடையூறு. வரலாற்றுக் கணக்கில் அவை ஃபிரீமனின் கைநாட்டு. பூங்கா அவற்றை வெட்டாமல் காக்கிறது. எரிக்கும்போது அந்த வரிசைக்குத் தீ போகாமல் தடுக்கிறது. இது சரியான முடிவு. 1862-க்கு முந்தைய நிலத்தை மட்டும் காட்டினால் குடியேற்றம் நடக்கவே இல்லை என்பதுபோல் ஆகிவிடும். புல்லும் வேலியும் அருகருகே நிற்கும்போதுதான் நடந்தது என்ன என்பது தெரிகிறது.

கப் கிரீக் ஓரத்தில் வேறொரு செல்வம் உண்டு. தாழ்நிலத்தில் வளரும் பர் ஓக் மரக்காடு அது. நெப்ராஸ்காவில் அரிதான வகை. தடித்த பட்டையால் புல்தீயைத் தாங்கும் மரம் பர் ஓக். பிரெய்ரியும் மரமும் சந்திக்கும் எல்லையில் அது நிற்பதற்குக் காரணம் அதுவே. ஃபிரீமன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்த மரங்களும் ஒரு காரணமாக இருக்கும். வீட்டுக்கும் அடுப்புக்கும் மரம் வேண்டுமே. ஓடையின் நிலைமைதான் கவலைக்குரியது. அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி பூங்காவின் எல்லையைத் தாண்டி, பெரும்பாலும் உழுத வயல்களாக விரிந்திருக்கிறது. வயலின் மண்ணும் உரமும் மழையோடு ஓடைக்கு வருகின்றன, வெள்ளம் விரைந்து ஏறி விரைந்து வடிகிறது, கரை அரிக்கிறது. பூங்காவின் பரப்பு 200 ஏக்கருக்குச் சற்று மேல். எல்லைக்குள் என்ன செய்தாலும், மேலே இருக்கும் பல்லாயிரம் ஏக்கரிலிருந்து வருவதை அது தடுக்க முடியாது. வரலாற்றுச் சின்னங்களின் இயற்கை வளம் பெரும்பாலும் இப்படித்தான் அண்டை நிலங்களின் கையில் இருக்கிறது.

எண்பது ஆண்டுக்கு மேல் உழைத்த பிறகு ஹோம்ஸ்டெட்டில் இருப்பது உண்மையான பிரெய்ரிதானா? பாதி ஆம். புல் வந்துவிட்டது. டிக்சிசல், பாப்வைட் காடை போன்ற புல்வெளிப் பறவைகள் வருகின்றன. மண் அரிப்பு நின்றது. ஆனால் பிரெய்ரியின் பன்மை புல்லில் இல்லை. புல்லுக்கிடையே மலரும் செடிகளில் இருக்கிறது. அவைதான் மீட்பில் கடைசியாக வருபவை, வந்தாலும் முதலில் தொலைபவை. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இடம் பக்கத்திலேயே உண்டு. லிங்கன் நகருக்கு வடமேற்கே ஒன்பது மைலில் நைன்-மைல் பிரெய்ரி என்ற உழாத நிலம் 230 ஏக்கர் எஞ்சியிருக்கிறது. வீவரும் அவர் மாணவர்களும் ஆய்ந்த இடம் அது. ஒரு காலத்தில் 800 ஏக்கருக்கு மேல் இருந்தது. அங்கே 350-க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் பதிவாகியுள்ளன. மீட்டெடுத்த பிரெய்ரிகள், எந்த மாநிலத்தில் இருந்தாலும், இந்த வளத்தை எட்டுவது அரிது. மேலே தெரியும் இனங்கள் மட்டும் காரணமல்ல. வேரோடு வாழும் பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் மண்ணின் அமைப்பும் உழவில் குலைந்தவை, விதைப்பையில் அடைத்துக் கொண்டுவர முடியாதவை.

குறைகிற இன்னொன்று காட்டெருமை. பைசன் எனப்படும் அந்த விலங்குகள் கோடிக்கணக்கில் மேய்ந்த நிலம் இது. 1880-களின் முடிவில் கண்டம் முழுவதிலும் சில நூறே மிஞ்சின. கான்சாஸின் கோன்சா பிரெய்ரி ஆய்வு நிலையத்தில் 1987-ல் அவற்றை மீண்டும் விட்டார்கள். கிட்டத்தட்ட முப்பதாண்டுத் தரவுகளை வைத்து 2022-ல் வெளியான ஆய்வு, மேய்ச்சல் இல்லாத இடத்தைவிட பைசன் மேய்ந்த இடத்தில் நாட்டுத் தாவர இனங்கள் இரு மடங்காகியிருந்தன என்று காட்டியது. அவை ஓங்கிய புல்லைத் தின்று சிறுசெடிகளுக்கு வெளிச்சம் விடுகின்றன; புரண்டு குழி ஆக்குகின்றன; சாணத்தால் மண்ணுக்கு உரம் இடுகின்றன. ஆனால் கோன்சாவின் பரப்பு 8,000 ஏக்கருக்கு மேல். நெடுஞ்சாலையும் வயல்களும் சூழ்ந்த 100 ஏக்கர் புல்லில் பைசன் மந்தை வாழ வழியில்லை. தீ மட்டும் அடிக்கடி வைத்து மேய்ச்சல் இல்லாமல் விட்டால் உயர்ந்த புற்களே ஆட்சி செய்து செடிகளை நெருக்கிவிடும். எனவே எரிக்கும் ஆண்டுகளையும் துண்டுகளையும் மாற்றி மாற்றி வைப்பது, விதை சேர்த்துத் தூவுவது என்று மனிதரே பைசனின் வேலையையும் ஓரளவு செய்ய வேண்டியிருக்கிறது.

இத்தனை உழைப்பும் 100 ஏக்கர் காட்சிப் பொருளுக்காகவா என்று கேட்கலாம். விடை அயோவாவில் கிடைக்கிறது. அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மக்காச்சோளமும் சோயாவும் பயிராகும் சரிவு நிலங்களில் பத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, நாட்டுப் பிரெய்ரிச் செடிகளைப் பட்டை பட்டையாக வளர்த்துப் பார்த்தார்கள். வயலிலிருந்து வெளியேறும் மண் 95 விழுக்காடு குறைந்தது. பாஸ்பரஸும் நைட்ரஜனும் ஓடைக்குப் போவது பெருமளவு அடங்கியது. மகரந்தம் சேர்க்கும் பூச்சிகளும் பறவைகளும் பெருகின. பத்து விழுக்காடு நிலத்துக்கு இவ்வளவு பலன் தரும் பயிர் வேறு இல்லை. கப் கிரீக்கின் மேல்பகுதி வயல்களிலும் இது நடந்தால், பூங்காவால் தனியாகச் செய்ய முடியாததை அண்டை உழவர்கள் செய்து முடிப்பார்கள். விதை எது, எந்த ஆண்டு எரிப்பது, எந்தக் களை எப்போது தலைகாட்டும் என்ற அறிவை எண்பதாண்டாகச் சேர்த்து வைத்திருப்பவை ஹோம்ஸ்டெட்டும் கர்ட்டிஸ் பிரெய்ரியும் போன்ற இடங்கள்தாம்.

ஹோம்ஸ்டெட் சட்டம் 1976-ல் அலாஸ்கா தவிர்த்த மாநிலங்களில் நீக்கப்பட்டது. அலாஸ்காவில் 1986-ல் முடிவுக்கு வந்தது. சட்டம் ஓய்ந்தாலும் உழவு ஓயவில்லை. கிழக்கு நெப்ராஸ்காவில் எஞ்சிய உழாத பிரெய்ரித் துண்டுகளில் பல, வைக்கோலுக்காக அறுக்கப்படும் சிறு புல்வெளிகளாகத் தனியார் கையில் இருக்கின்றன. மக்காச்சோளத்தின் விலை ஏறினால் அவற்றுக்கும் கலப்பை வரும். மீட்பு வேலைக்கான விதைக்கு மூலம் அந்தத் துண்டுகள்தான். ஆகவே அரசும் பல்கலைக்கழகங்களும் அறக்கட்டளைகளும் பணத்தை எங்கே முதலில் செலவிட வேண்டும் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை: உழாமல் எஞ்சிய நிலத்தை விலைக்கு வாங்கியோ உடன்படிக்கை செய்துகொண்டோ காப்பது முதல் வேலை, மீட்டெடுப்பது இரண்டாவது. தேசியப் பூங்கா சேவையின் மிகப் பழைய மீட்புப் பிரெய்ரி, எண்பது ஆண்டு உழைப்புக்குப் பின்னும் உழாத ஒரு துண்டு நிலத்துக்கு ஈடாகவில்லை என்பதே அதற்குப் போதுமான காரணம்.